மடியும் வாரும்

2009ஆம் ஆண்டு. என் மகளுக்கு ஏழு மாதம். தேவதானத்தில் அம்மா வீட்டிலிருந்து ராஜபாளையத்தில் ஒரு விசேஷத்துக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியவர் என் கணவர். முன் இருக்கையில் நான், என் மடியில் பிள்ளை. பின் இருக்கையில் அத்தையும் மாமாவும். "பிள்ளைக்காரிக்கு முன்சீட்ட விடுங்க, காத்து வரும்" என்று அத்தைதான் என்னை முன்னால் உட்காரவைத்திருந்தார்.

சேத்தூர் வருவதற்குச் சற்று முன்னால் ஓர் ஆட்டுக்குட்டி சாலையில் பாய்ந்தது. கணவர் பிரேக்கை அழுத்தினார். என் கண்ணாடி வளையல் ஒன்று மகள் வாயருகே இருந்தது. நான் அதை ஒரு கையால் விலக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த கணம் அவள் என் மடியில் இல்லை. முன்பலகையில் நெற்றி இடித்து என் காலடியில் கிடந்தாள். நெற்றியில் ஒரு புடைப்பு, அதோடு போயிற்று. ஆடு தப்பியது, காரும் எதிலும் மோதவில்லை.

காருக்குள் எழுந்த முதல் கேள்வி என்னை நோக்கி வந்தது. "பிள்ளைய ஒழுங்காப் பிடிச்சுக்கத் தெரியாதாம்மா?" என்றார் அத்தை. கடிந்து சொல்லவில்லை, பதறித்தான் சொன்னார். இரவு போனில் என் அம்மாவும் அதையே வேறு விதமாகச் சொன்னார்: "நீ கொஞ்சம் இறுக்கிப் பிடிச்சிருக்கலாம்ல." ஓட்டியவரிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பெரியவர்கள் நால்வருக்கும் இருக்கை இருந்த காரில் ஏழு மாதப் பிள்ளைக்கென்று ஓர் இடம் ஏன் இல்லை என்று நானும் கேட்டுக்கொள்ளவில்லை. என் கை தவறிவிட்டது என்றே பல வருடங்கள் நம்பினேன்.

இந்தக் கட்டுரை அந்த நம்பிக்கையைப் பற்றியது. தாயின் மடியை வாகனத்தின் ஓர் உறுப்பாக வீடும் ஊரும் சட்டமும் எப்படி எண்ணி வந்தன, அந்த மடியின் இடத்துக்கு ஒரு வார்ப்பட்டை எப்படி வந்தது, வந்த பிறகும் பழி ஏன் மடியிலேயே கிடக்கிறது என்பதே இதன் கேள்வி.

கையின் பலம்

முதலில் ஒரு கணக்கு. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் எதிலாவது மோதி, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே 10 கிலோ எடையுள்ள குழந்தை. கார் நின்றாலும் குழந்தையின் உடம்பு அதே வேகத்தில் முன்னே போகப் பார்க்கும். அதைப் பிடித்து நிறுத்த ஏறக்குறைய 110 கிலோ எடையைத் தாங்கும் பலம் வேண்டும். ஒரு குவிண்டால் மூட்டையை விடக் கூடுதல். அதை எதிர்பாராமல், உட்கார்ந்தபடி, கண் இமைப்பதற்குள் தாங்க வேண்டும். மூட்டை தூக்கிப் பழகியவருக்கும் ஆகாத காரியம் இது.

இதை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தவர்களில் ஓர் இந்தியரும் உண்டு. பின்னாளில் டெல்லி ஐஐடியில் சாலைப் பாதுகாப்பு ஆய்வை வளர்த்தெடுத்த தினேஷ் மோகன், அமெரிக்காவில் இருந்தபோது லாரன்ஸ் ஷ்னைடருடன் சேர்ந்து ஓர் ஆய்வு செய்தார். மடியில் வைத்திருக்கும் குழந்தையைப் பெரியவர்களின் கைகளால் எவ்வளவு பலத்துக்குப் பிடித்துவைக்க முடியும் என்பதுதான் கேள்வி. குழந்தை அளவிலான பொம்மைகளை ஆண்களிடமும் பெண்களிடமும் கொடுத்து அளந்தார்கள். 1979இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு தெளிவானது: கடுமையான மோதலில் பெரியவர்களின் கை குழந்தையைப் பிடித்துவைக்காது.

2021 மே மாதம் கோவிட் தொற்றில் தினேஷ் மோகன் இறந்தபோது வந்த அஞ்சலிக் குறிப்புகள் வழியாகத்தான் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். எனக்கு மூன்று வயதாக இருந்தபோதே அந்தப் பதில் அச்சில் வந்துவிட்டது. நாங்கள் அதை அறியாமலே பன்னிரண்டு ஆண்டுகள் அந்தப் புடைப்பை என் கணக்கில் எழுதிவைத்திருந்தோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நம் ஊர்களில் விவரம் தெரிந்தவர்கள்கூடச் செய்வது, மடியில் பிள்ளையை வைத்து இருவரையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்வது. மோதலின்போது பின்னால் இருக்கும் பெரியவரின் முழு எடையும் பெல்ட்டுக்கும் தனக்கும் நடுவில் பிள்ளையை நசுக்கும். முன் இருக்கையில் காற்றுப்பை இருந்தால் ஆபத்து மேலும் கூடும். 2021 ஏப்ரல் முதல் இந்தியாவில் வரும் புதிய மாடல் கார்களில் முன்பயணிக்கும் காற்றுப்பை கட்டாயம். பெரியவர் உடம்பைக் காப்பாற்ற வெடித்து விரியும் அந்தப் பை, மடியில் இருக்கும் பிள்ளையை அறையும். காற்று வரும் என்று எனக்குத் தரப்பட்ட இடம்தான் குழந்தைக்குக் காரிலேயே மோசமான இடம்.

இருக்கை பிறந்த கதை

குழந்தைக்கான கார் இருக்கை 1930களிலேயே அமெரிக்காவில் விற்பனைக்கு வந்துவிட்டது. ஆனால் அது பாதுகாப்புக்கானது அல்ல. குழந்தை எழுந்து ஓடி ஓட்டுபவரைத் தொந்தரவு செய்யாமல் ஓரிடத்தில் இருக்க வேண்டும், சன்னல் வழியே வேடிக்கை பார்க்க உயரமாகவும் இருக்க வேண்டும். அதற்கான சிறு நாற்காலி அது. காக்கப்பட்டது பெரியவரின் நிம்மதி.

மோதலில் குழந்தையைக் காக்கும் இருக்கை என்ற எண்ணம் உருப்பெற 1962 வரை ஆயிற்று. அந்த ஆண்டில் இருவர் தனித்தனியே இருக்கைகளை வடிவமைத்தார்கள். ஒருவர் அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த லியனார்ட் ரிவ்கின். அவருடையது உலோகச் சட்டம் கொண்டது. மற்றவர் பிரிட்டனைச் சேர்ந்த ஜீன் ஏம்ஸ் என்ற பெண். இரு தோள்களிலிருந்து இறங்கி நடுவில் சேர்ந்து ஆங்கில ஒய் எழுத்தைப் போல நிற்கும் வாரை அவர் தன் இருக்கையில் வைத்தார். இன்றைய இருக்கைகளின் தோள்வார்களில் அந்த வடிவத்தின் சாயலைப் பார்க்கலாம். மூன்று முனை பெல்ட்டை 1959இல் வோல்வோ நிறுவனத்தில் உருவாக்கிய நீல்ஸ் போலினின் பெயர் பொறியியல் மாணவர்களுக்குத் தெரியும். ஜீன் ஏம்ஸ் பெரும்பாலான வரலாறுகளில் ஒற்றை வாக்கியமாகக் கடந்துபோகிறார்.

அதே காலத்தில் ஸ்வீடனில் பெர்டில் ஆல்ட்மன் என்ற மருத்துவப் பேராசிரியர், ஜெமினி விண்கலத்தில் வீரர்கள் முதுகு சாய்த்துப் படுத்திருப்பதைப் பார்த்து, குழந்தையைப் பின்னோக்கி உட்காரவைத்தால் என்ன என்று யோசித்தார். கைக்குழந்தைக்கு உடம்போடு ஒப்பிடத் தலை கனம், கழுத்து பலவீனம். பின்னோக்கி உட்கார்ந்திருந்தால் மோதலின் விசையைக் கழுத்து தனியே தாங்காது. முதுகு, தலை முழுவதையும் இருக்கையின் ஓடு ஏந்திக்கொள்ளும். 1964இல் அவருடைய மாதிரி வோல்வோ காரில் சோதிக்கப்பட்டது.

இருக்கைகள் வந்த பிறகும் சட்டம் மெதுவாகத்தான் வந்தது. அமெரிக்கக் கூட்டரசின் முதல் விதி 1971இல் வந்தபோது, இருக்கையை மோதவிட்டுச் சோதிக்க வேண்டும் என்று அது கேட்கவில்லை. அந்தச் சோதனை 1981இல்தான் கட்டாயமானது. குழந்தையை இருக்கையில் வைக்க வேண்டும் என்று உலகிலேயே முன்னோடியாகச் சட்டம் போட்ட இடங்களில் டென்னசி மாநிலம் ஒன்று. ராபர்ட் சாண்டர்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவர் மனைவி பாட் சாண்டர்ஸும் சட்டமன்ற உறுப்பினர்களை விடாமல் பார்த்துப் பேசிய பிறகு, 1978 ஜனவரி 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

அந்தச் சட்டத்தில் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது: வயதில் மூத்த ஒருவர் குழந்தையைக் கையில் ஏந்தியிருந்தால் இருக்கை தேவையில்லை. சட்டமன்ற உறுப்பினர்களுக்கு அது கருணையாகத் தோன்றியிருக்கும். தாயின் மடியை விடப் பாதுகாப்பு எது என்று நினைத்திருப்பார்கள். குழந்தைகளை நசுக்கும் திருத்தம் என்று சாண்டர்ஸ் அதற்குப் பெயர் வைத்தார். அது நீங்க 1981 ஆயிற்று. 1985க்குள் 50 மாநிலங்களிலும் குழந்தை இருக்கைச் சட்டம் வந்துவிட்டது.

இந்த விலக்கு எனக்கு முக்கியமாகப் படுகிறது. தாய்மையைப் புகழும் மொழியிலேயே ஒரு செலவைத் தாயின் மேல் ஏற்றிவிட முடியும் என்பதற்கு அது எழுத்துச் சான்று. இருக்கைக்குக் காசு வேண்டும், மடிக்கு வேண்டாம்.

சேலைக்கு வந்த விதி, பிள்ளைக்கு வந்த விதி

ராஜபாளையத்திலிருந்து தென்காசி போகும் சாலையில் காலை எட்டு மணிக்கு நின்று பாருங்கள். மில் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கோயிலுக்கோ கோர்ட்டுக்கோ போகிறவர்கள். நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் காரில் போவதில்லை, பைக்கில்தான் போகிறார்கள். அப்பா ஓட்டுகிறார். அம்மா பின்னால், சேலை கட்டியதால் ஒரு பக்கமாகக் கால் போட்டு உட்கார்ந்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்து, மறு கையால் பிள்ளையை அணைத்திருக்கிறார். முந்தானையும் அதே கையின் பொறுப்பு.

இந்தக் காட்சியைச் சட்டம் பார்க்காமல் இல்லை. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி, இரு சக்கர வாகனங்களில் பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும் கால்மிதியும் வேண்டும் என்கிறது. உட்காருபவரின் ஆடை சக்கரத்தில் சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடும் தடுப்பும் வேண்டும் என்கிறது. நாம் சேலைக் கார்டு என்று சொல்வது அதைத்தான். சேலை கட்டிய பெண் பின்னால் உட்காருவார் என்பது 1989இல் விதி எழுதியவர்களின் கண்ணில் பட்டிருக்கிறது. அந்தப் பெண்ணின் மடியில் இருக்கும் பிள்ளை கண்ணில் பட 2022 வரை ஆயிற்று.

அந்த ஆண்டு பிப்ரவரி 15இல் வந்த அறிவிக்கை, நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையைப் பைக்கில் ஏற்றிச் செல்லும்போது பாதுகாப்பு வார் அணிவிக்க வேண்டும் என்றது. வார் என்பது குழந்தை அணியும் ஒரு மேல்சட்டை. அதன் பட்டைகள் ஓட்டுபவரின் தோள்களில் மாட்டப்படும். எடை குறைந்ததாகவும் குழந்தையின் அளவுக்குத் தளர்த்தி இறுக்கக் கூடியதாகவும் 30 கிலோ வரை தாங்குவதாகவும் இருக்க வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரையான குழந்தைக்குத் தலைக்குப் பொருந்தும் தலைக்கவசம் வேண்டும். வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. ஓராண்டு அவகாசத்துக்குப் பிறகு, 2023 பிப்ரவரி முதல் இது நடைமுறை.

கார்களுக்கு இதற்கு முன்பே, 2019இன் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில், 194பி என்ற பிரிவு சேர்ந்திருந்தது. 14 வயது நிறையாத குழந்தையை சீட் பெல்ட்டோ குழந்தைக்குரிய பாதுகாப்பு அமைப்போ இல்லாமல் ஏற்றிச் சென்றால் 1000 ரூபாய் அபராதம்.

இரண்டு விதிகளையும் மெதுவாகப் படித்தால் ஒன்று புலப்படும். கார்ச் சட்டம் யாரைத் தண்டிக்கிறது? வாகனத்தை ஓட்டுபவரை, ஓட்ட அனுமதிப்பவரை. பைக் விதி யாரைப் பொறுப்பாக்குகிறது? ஓட்டுபவரை. வாரின் பட்டை ஏறுவதும் அவர் தோளில்தான். பிள்ளையை மடியில் வைத்திருப்பவரைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. நம் வீடுகளில் நடப்பது இதற்கு நேர்மாறு. சட்டம் ஓட்டுபவரிடம் கேட்பதை வீடு மடியிடம் கேட்கிறது.

வகுப்பில் பிள்ளைத்தமிழ் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டது நினைவுக்கு வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசிப் பருவம் சிறுதேர், பெண்பாலுக்கு ஊசல் என்று கரும்பலகையில் எழுதியிருந்தேன். "அப்போ பையன் வண்டி ஓட்டுவான், பொண்ணு இருந்த இடத்துலயே ஆடணுமா மேடம்?" என்றாள். வகுப்பு சிரித்தது. பைக்கின் முன்னாலும் பின்னாலும் யார் உட்காருகிறார்கள் என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கேள்வி கேட்கிறது.

விதியிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பைக்கில் ஓட்டுபவரைத் தவிர ஒருவர்தான் போகலாம். அப்பா, அம்மா, பிள்ளை என்றால் மூன்று பேர். 2023இல் கேரளம், சிறு குழந்தையை மூன்றாவது ஆளாக ஏற்ற அனுமதி கேட்டது. மத்திய அரசு மறுத்துவிட்டது. பாதுகாப்பின் கணக்கில் அந்த மறுப்பு சரிதான். ஆனால் அப்பாவும் பிள்ளையும் வாரில் பிணைந்து பைக்கில் போய்விட்டால் அம்மா எதில் போவது? அதற்குப் பதில் பேருந்துதான்; அதுவும் நேரத்துக்கு வர வேண்டும், உட்கார இடமும் இருக்க வேண்டும். அதுவரை சேத்தூர் சாலையில் மடி மூன்றாவது இருக்கையாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

இறுக்கம் என்றால் எவ்வளவு

கார் இருக்கை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் சொல்லும் கணக்கில், சரியாகப் பயன்படுத்தும் இருக்கை கார் விபத்துகளில் கைக்குழந்தைகளின் மரணத்தை 71 விழுக்காடும், 1 முதல் 4 வயதுவரையான குழந்தைகளின் மரணத்தை 54 விழுக்காடும் குறைக்கிறது. அதே நிர்வாகம், பயன்பாட்டில் உள்ள இருக்கைகளில் 46 விழுக்காடு ஏதோ ஒரு வகையில் தவறாகப் பயன்படுத்தப்படுகின்றன என்றும் சொல்கிறது. நாற்பது வருடச் சட்டமும் பயிற்சியும் உள்ள நாட்டில் இந்த நிலை. ஆகவே இதைத் தாயின் கவனக்குறைவு என்று முடித்துவிட முடியாது. இது கற்க வேண்டிய ஒரு கைத்தொழில். யாரும் பிறக்கும்போதே தெரிந்துகொண்டு வருவதில்லை.

அந்தத் தொழிலின் அடிப்படை இதுதான். வார் முறுக்கில்லாமல் உடம்பில் தட்டையாகப் படிய வேண்டும். பின்னோக்கி உட்காரும் குழந்தைக்குத் தோள்வார் தோள் மட்டத்திலோ சற்றுக் கீழிருந்தோ வர வேண்டும். முன்னோக்கி உட்காரும் குழந்தைக்குத் தோள் மட்டத்திலோ சற்று மேலிருந்தோ வர வேண்டும். இடுப்பு வார் வயிற்றில் ஏறாமல் தொடையை ஒட்டிக் கிடக்க வேண்டும். பூட்டிய பிறகு காறை எலும்பின் மேல் வாரை இரு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு விரலில் சிக்கினால் வார் தளர்வு. விரல் வழுக்கிக்கொண்டு போனால் சரி. பின்னோக்கிய இருக்கையைக் காற்றுப்பை இயங்கும் முன் இருக்கையில் ஒருபோதும் வைக்கக் கூடாது. குழந்தை வளர வளர வாரின் உயரத்தை மாற்ற வேண்டும். போன பொங்கலுக்குச் சரியாக இருந்தது இந்தப் பொங்கலுக்குச் சரியாக இருக்காது.

குளிர் நாடுகளில் கனத்த கோட்டைக் கழற்றிவிட்டு வாரைப் பூட்டச் சொல்கிறார்கள். துணியின் பருமன் வாருக்கும் உடம்புக்கும் நடுவில் பொய்யான இறுக்கத்தைக் காட்டும், மோதலில் அது நசுங்கி வார் தளர்ந்துவிடும். நம் ஊரில் கோட்டு இல்லை. ஆனால் கைக்குழந்தையைச் சுற்றும் துண்டு இருக்கிறது, பட்டுப்பாவாடை இருக்கிறது. கொசுவம் வைத்த பாவாடை பெண்குழந்தையின் கால்களுக்கிடையே வரும் வாரைச் சரியாக உட்காரவிடாது. டிரவுசர் போட்ட தம்பிக்கு ஒரே இழுப்பில் பொருந்தும் வார் அக்காவுக்குப் பொருந்துவதில்லை. அம்மாவை ஒரு பக்கமாக உட்காரவைக்கும் சேலையின் சிறு வடிவம்தான் அது. பாவாடையைப் பையில் வைத்துக்கொண்டு, போய்ச் சேர்ந்ததும் கட்டிவிடலாம். துண்டை வாரைப் பூட்டிய பிறகு மேலே போர்த்தலாம்.

காப்பு

இரண்டு வருடத்துக்கு முன் என் தங்கை பெங்களூருவிலிருந்து எட்டு மாதப் பிள்ளையோடு தேவதானம் வந்தாள். காரின் பின் இருக்கையில் பின்னோக்கி ஓர் இருக்கை. புறப்படும் நாளில் அவள் பிள்ளையை அதில் வைத்து வாரைப் பூட்டினாள். பிள்ளை உடம்பை வளைத்து அழுதது. வாசலில் நின்ற ஆச்சிக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, பச்சப்பிள்ளையக் கன்னுக்குட்டிய மாதிரி கட்டிப் போடுற? மடியில வச்சுக்கோ."

ஆச்சியின் பேச்சில் ஒரு முரண் இருந்தது. அந்தப் பிள்ளையின் இடுப்பில் அரைஞாண் கயிறு கட்டியிருந்தார், கையில் வசம்பு வளையல் கோத்துப் போட்டிருந்தார். இரண்டும் ஆச்சியின் கைவேலை. அறுக்கப் போகும்போது வரப்போர வேம்பில் சேலைத் தொட்டில் கட்டி என் அம்மாவைக் கிடத்தியவர் அவர். கொம்பைத் தொங்கிப் பார்த்து, முடிச்சை இழுத்துப் பார்த்துதான் பிள்ளையை விடுவாராம். சங்க காலத்துப் பிள்ளைகளுக்கு ஐம்படைத்தாலி கட்டினார்கள். பிள்ளைத்தமிழின் முதல் பருவத்துக்கே காப்பு என்றுதான் பெயர். எங்கள் ஊர்ச் சாமியின் பெயர் நச்சாடை தவிர்த்தவர். நஞ்சு தோய்த்த ஆடையை அனுப்பி அரசனைக் கொல்லச் செய்த சூழ்ச்சியைத் தடுத்தவர் என்பது கதை. உடம்பைத் தொடும் துணி கொல்லவும் கூடும், காக்கவும் கூடும் என்பது எங்கள் ஊருக்குப் புதிய செய்தி அல்ல.

நான் ஆச்சியிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "ஆச்சி, நீங்க தொட்டில் கட்டும்போது முடிச்ச இழுத்துப் பாப்பீங்கள்ல, அந்த மாதிரி இத இழுத்துப் பாருங்க" என்றேன். அவர் குனிந்து, மருதாணி மங்கிய இரண்டு விரலால் பிள்ளையின் தோளருகே வாரைக் கிள்ளினார். மடிப்புச் சிக்கியது.

"லூசா இருக்கே" என்றார்.

தங்கையின் கணவர் ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கி வந்தார். பட்டையை இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார். ஆச்சி மறுபடி கிள்ளிப் பார்த்தார். விரல் வழுக்கியது. "இப்பப் போங்க" என்றார். பிள்ளை இன்னமும் அழுதுகொண்டுதான் இருந்தது. சேத்தூர் தாண்டுவதற்குள் தூங்கிவிட்டதாகத் தங்கை செய்தி அனுப்பினாள்.

என் மகள் அப்போது பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்குத் தன் நெற்றிப் புடைப்பின் கதை தெரியும், அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறாள். அன்று மாலை முதல்முறையாக என்னிடம் வேறு மாதிரிக் கேட்டாள்: "அம்மா, அன்னைக்கு அப்பா ஏன் எனக்கு சீட் போடல?"

அந்தக் கேள்வியை நான் அவள் அப்பாவிடம் அனுப்பிவைத்தேன்.